ஹிரோனிம் வீட்டு வோல்டேஜ்

போலந்தில் எங்கள் கிராமம் மாவா ஒல்ஷாவில் மொத்தம் நாற்பத்தோரு வீடு. அதில் முப்பத்து மூன்று கூரைகளில் சோலார் பேனல் ஏறியாகிவிட்டது. பாதிரியாரையும் சேர்த்து இன்னும் ஏழு பேர் மின் கம்பெனிக்கு மனுப் போட்டுவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கிறார்கள். மிச்சம் ஒரு வீடு; அதற்குக் கூரையே கிடையாது. இத்தனை பேருக்கும் சேர்த்து, தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து புறப்படும் கம்பி தெருவோடு வளைந்து இறங்கி, கடைசிக் கம்பத்தில் ஹிரோனிம் ட்ரோஸ்ட் வீட்டில் போய் முடிகிறது. அதைத் தாண்டினால் உருளைக்கிழங்கு வயல்தான்.

ஹிரோனிம் முப்பத்தோரு வருஷம் அந்தக் கம்பெனியில் மீட்டர் பார்த்தவர். வீடு வீடாகப் போவார், மீட்டர் பெட்டியைத் திறப்பார், எண்ணைக் குறிப்பார், நாய் துரத்தினால் ஓடுவார். உத்தியோகம் அவ்வளவுதான். ஓய்வு பெற்றபின் எப்படியோ இன்ஜினியர் ஆகிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவரை அவர் நிற்கும் படிக்கு ஒரு படி மேலே தூக்கி வைத்துக் கூப்பிடுவதுதான் மரியாதை. துணை மேலாளரை மேலாளர் என்போம், கம்பவுண்டரை டாக்டர் என்போம். மீட்டர் பார்த்தவரை 'பான் இன்ஜினியர்', அதாவது இன்ஜினியர் ஐயா, என்பது கொஞ்சம் அதிகப்படிதான். பாதி மரியாதை, பாதி கிண்டல். அவர் தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஊரில் பேனல் வந்ததே அவரால்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் எல்லோரையும் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினார். சூரியன் சும்மா கிடைக்கிறது என்றார். நிலக்கரிப் புகை ஒழியும் என்றார். "கம்பி தாங்குமா, பான் இன்ஜினியர்?" என்று யாரோ ஒருவர் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார். ஹிரோனிமுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது எங்க கம்பெனிக் கம்பிங்க! தாங்குமான்னு கேக்குறீங்களே, இது என்ன துணி காயப்போடுற கொடியா?"

அவ்வளவு அடித்துச் சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? முதல் கோடையில் ஐந்து கூரை, அடுத்ததில் பன்னிரண்டு, பிறகு போட்டி போட்டுக்கொண்டு எல்லாரும். அதற்கப்புறம்தான் கூத்து ஆரம்பித்தது. வெயில் உச்சிக்கு வந்ததும் அத்தனை கூரையும் ஒரே நேரத்தில் கரண்டைக் கம்பிக்குள் தள்ளும். அந்நேரம் அதைச் செலவழிக்க ஊரில் ஆள் கிடையாது. பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள், மீதிப் பேர் வயலில் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வதுபோல் கரண்டு முட்டும், வோல்டேஜ் ஏறும். 253 வோல்ட்டைத் தாண்டினால், பேனலின் கரண்டைக் கம்பிக்கு ஏற்றும் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிட வேண்டும் என்பது சட்டம். அது முதலில் தாண்டுவது கம்பியின் கடைசி வீட்டில்தான். அதாவது, ஊருக்கே பேனல் வாங்கிக் கொடுத்த மகானின் வீட்டில்.

நல்ல வெயில் என்றால் பதினோரு மணிக்கே ஹிரோனிமின் இன்வெர்ட்டர் படுத்துவிடும். தெருவில் எல்லாருடைய கூரையும் வேலை செய்ய, அவருடையது மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து நாலாவது வீட்டு வலேரியனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அங்கே வோல்டேஜ் அவ்வளவு ஏறாது. அப்படியும் நம்பாமல், இன்வெர்ட்டர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்கும் இடத்தில் போலந்தை எடுத்துவிட்டு ஆஸ்திரேலியா என்று போட்டுவைத்திருந்தார். அந்தப் பட்டியலில் ஆஸ்திரேலியாவுக்கு எல்லை உயரம்.

"எங்க அண்ணன் மகன் இங்கிலாந்துக்குப் போனான், கொழுந்தியா நார்வேக்குப் போனா" என்பார் வலேரியன், வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு. "நாம மட்டும் என்ன இளப்பமா? என் கூரை ஆஸ்திரேலியாவுக்குப் போயிருச்சு. நல்லா சம்பாதிக்குது."

"அது சட்டவிரோதம், வலேரியன்."

"சரி சரி, நீ உள்நாட்டுலயே இருந்து அணைஞ்சு போ."

ஹிரோனிம் ஒருநாளும் அந்த எல்லையைத் தொட்டதில்லை. கம்பெனி 253 என்றால் 253. இந்த மனிதரிடம் குற்றம் குறை ஆயிரம் உண்டு, திருட்டு மட்டும் கிடையாது. அது இருந்திருந்தால்கூட ஊருக்கு நல்லதாகப் போயிருக்கும்.

இதில் உண்மையாகவே அடிபட்டது அவர் மனைவி லுட்சினா. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் ராஸ்பெர்ரி போட்டிருக்கிறாள். பறித்து, கழுவி, கொட்டகையில் இருக்கும் இரண்டு பெரிய ஃப்ரீசர்களில் உறைய வைத்து, குளிர்காலம் முழுக்க டவுனில் கேக் கடைகளுக்குக் கொடுப்பாள். ஏறிய வோல்டேஜில் முந்தின வருஷம் ஒரு ஃப்ரீசரின் மோட்டார் கருகியது. போன வருஷம் இன்னொன்று. இரண்டாவது முறை அவள் கதவைத் திறந்தபோது தரையெல்லாம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடை முழுவதும் குனிந்து குனிந்து பறித்த பழம். அழுதாள், பிறகு துடைப்பத்தை எடுத்துக் கூட்டினாள். கம்பெனி அலுவலகத்தில் போய் முறையிட்டால், "உங்க பெட்டி பழசுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

லுட்சினா விடவில்லை. வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். கடிதத்துக்குமேல் கடிதம் போட்டாள். ஊர்த்தலைவி கமிலாவை இழுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகம் வரை போய்வந்தாள். இரண்டு வருஷம் முட்டி மோதியபிறகு கம்பெனி ஒருவழியாக இறங்கிவந்தது. கடைசி வீட்டில் ஒரு வாரம் அளவுக் கருவி வைப்பார்கள். அந்த வாரத்தில் எட்டரை மணி நேரத்துக்குமேல் வோல்டேஜ் 253-ஐத் தாண்டியிருந்தால், கம்பெனி தன் செலவில் கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் மாற்றியே தீர வேண்டும். தாண்டவில்லையென்றால் வழக்கு முடிந்தது. அடுத்த அளவைக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் கேட்க முடியும். மே மாதக் கடைசி வாரம் என்று நாள் குறித்தார்கள். அந்த வாரம் முழுக்க வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது என்று வானிலை அறிக்கை சொன்னது. ஊரே லுட்சினாவைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது.

பாருங்கள் கஷ்டகாலத்தை, சரியாக அந்த வாரம்தான் அரசு சானடோரியத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. முழங்கால் வலிக்காக விண்ணப்பித்து இரண்டு வருஷம் காத்திருந்த இடம். விட்டால் இன்னும் இரண்டு வருஷம். மூன்று வாரம் அங்கேயே தங்கிச் சேற்றுக் குளியலும் வெந்நீர்க் குளியலும். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். பஸ் ஏறும்போது புருஷனைச் சட்டைக் காலரோடு பிடித்துச் சொன்னாள்:

"ஹிரோனிம், நல்லா கேட்டுக்கோ. நீ ஒண்ணுமே பண்ண வேண்டாம். எதையும் தொடாத. எவனுக்கும் யோசனை சொல்லாத. சூப் பண்ணி ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன், எடுத்துக் குடிச்சிட்டு சும்மா உக்காந்திரு. உன் வாழ்க்கையில ஒரு வாரம் சும்மா இரு. இருப்பியா?"

"இதுல என்ன இருக்கு? நான் என்ன சின்னப்பிள்ளையா?"

சின்னப்பிள்ளையாக இருந்திருந்தால் சும்மா இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் ஷிமோன் என்ற இளம் இன்ஜினியர் கம்பெனி வண்டியில் வந்தார். நிஜமான இன்ஜினியர். கருவியை மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். சின்னப் பெட்டிதான், முகப்பில் ஒரு திரை, அதில் வோல்டேஜ் எண் ஓடும். எல்லைக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. மாட்டி முடித்ததும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினார்: 'அளவிடும் இடம்: ஹிரோனிம் ட்ரோஸ்ட் இல்லம்.'

"நீங்க நம்ம கம்பெனியிலதான் இருந்தீங்களாமே, பான் ஹிரோனிம்?"

"முப்பத்தோரு வருஷம். ஒருநாள் தப்பா ரீடிங் எடுத்தது கிடையாது."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. வழக்கம்போல இருங்க, அது போதும்."

"இந்த எண்ணெல்லாம் யார் பாப்பாங்க?"

"நான் பாப்பேன். அப்புறம் பிரிவுத் தலைவர். கடைசியில டைரக்டர் வரைக்கும் போகும்" என்று சொல்லிவிட்டு ஷிமோன் வண்டியை எடுத்தார். டைரக்டர் என்ற சொல்லை இந்த மனிதரிடம் சொல்லியிருக்கவே கூடாது. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

ஹிரோனிம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பெட்டிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு 244. பத்துக்கு 249. வலேரியனின் ஆஸ்திரேலியாவும் மற்ற கூரைகளும் கூடிக் கூடி எண்ணை மேலே ஏற்றின. பத்தே முக்காலுக்கு 254. திரை சிவந்தது. மாடியில் இன்வெர்ட்டர் டக்கென்று அணைந்தது. எல்லாம் லுட்சினா எதிர்பார்த்தபடியே. அவள் இருந்திருந்தால் கைதட்டியிருப்பாள்.

ஹிரோனிமோ நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப்போட்டுப் பார்த்தார். மேலே அவர் பெயர், கீழே சிவப்பு எண். இதே மாதிரி டைரக்டர் மேஜையில் போய்ப் படுக்கும். டைரக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "யாரு இந்த ட்ரோஸ்ட்? வீட்டை இப்படியா வெச்சிருக்கான்?" என்று கேட்பார். நம்ம ஆளுக்கு அந்தக் குரல்கூடக் காதில் விழுந்துவிட்டது.

இதை அவர்மேல் மட்டும் போட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் வயதில் எங்கள் ஊரில் இருக்கும் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. எண்பத்து நான்கில், கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தபோது, தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய டைரக்டர் வருகிறார் என்று கிளை அலுவலகத்தில் சொன்னார்கள். முற்றத்துப் புல் காய்ந்து கிடந்தது. அலுவலகத்தார் அத்தனை பேரும் தூரிகையும் பெயிண்டுமாகக் குனிந்து புல்லுக்குப் பச்சையடித்தார்கள். ஹிரோனிமுக்கு வாசலோரப் பங்கு. இரண்டு நாள் முழங்காலில் நடந்து அடித்தார். டைரக்டரின் கார் வேகத்தைக்கூடக் குறைக்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் மட்டும், "என் பக்கம் நல்லா பச்சையாத்தான் இருந்துச்சு" என்பார்.

சிவப்பைப் பார்க்கச் சகிக்காமல் டீ போடப் போனார். சத்தியமாக டீக்குத்தான். மின்சாரக் கெட்டிலைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் திரையில் 251. பச்சை! ஒரு கெட்டிலுக்கு மூன்று வோல்ட். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தண்ணீர் கொதித்து கெட்டில் அணைந்ததும் மறுபடியும் 254. மறுபடியும் கெட்டிலைப் போட்டார். நாலு முறை கொதித்தபிறகு அவருக்கே அது டீக்காக இல்லை என்பது புரிந்தது.

லுட்சினா சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஃப்ரீசர் நினைவில்லாமல் இல்லை. நாளைக்கு விட்டுவிடலாம் என்று நினைத்தார். இன்று முதல் நாள், முதல் நாளே சிவப்பாக இருந்தால் நன்றாக இருக்காது. வாரத்தில் இன்னும் ஆறு நாள் இருக்கிறதே, எட்டரை மணி நேரம் தாராளமாகத் தாண்டும். இப்படித் தனக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொண்டு மின் அடுப்பைப் போட்டார்.

செவ்வாய்க்கிழமையும் முதல் நாள் மாதிரியேதான் யோசித்தார். புதன்கிழமை யோசிக்கவே இல்லை. அதற்குள் கை தேறிவிட்டது. அடுப்பு, வெந்நீர்க் கொதிகலன், இரண்டு இஸ்திரிப் பெட்டி, மூன்று மின் கணப்பு என்று வரிசையாக வைத்துக்கொண்டு, எண் ஏற ஏற ஒன்று போட்டு, இறங்க இறங்க ஒன்று அணைத்து, 240-இல் கொண்டுவந்து நிறுத்தினார். வெறும் பச்சையல்ல, அசையாத பச்சை! வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கணப்பு மூன்றும் சிவக்கச் சிவக்க எரிந்தன. ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு, பனியனோடு, வேர்த்து வழிய, கருவியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து வருஷக்கணக்காகிவிட்டது.

வலேரியன் அந்தப் பக்கம் சைக்கிளில் வந்தவர் ஜன்னலில் முகத்தை வைத்ததும் அனல் அடித்துப் பின்வாங்கினார்.

"அடப்பாவி மனுஷா! உள்ள என்ன ரொட்டி சுடுறியா? மே மாசத்துல கணப்பு போட்டு உக்காந்திருக்க!"

"மூட்டு வலி" என்றார் ஹிரோனிம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சூடு வேணுமாம்."

"மூட்டு வலி உன் பொண்டாட்டிக்குல்ல?"

"தொத்திக்கிச்சு."

"மூட்டு வலி தொத்துமா? நல்லா இருக்கியா நீ? அவ வர்றதுக்குள்ள வெந்து போயிடாத, அப்புறம் உன்னையும் மூட்டை கட்டி டவுன் கேக் கடையில கொண்டுபோய்க் குடுத்துடப் போறா" என்று சொல்லிவிட்டு வலேரியன் போய்விட்டார்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு லுட்சினா போன் பண்ணுவாள். சுற்றிலும் மற்ற நோயாளிகள் இருப்பார்கள் என்பதால் சுருக்கமாகத்தான் பேசுவாள்.

"என்ன, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"வெயில் அடிக்குதா?"

"பிளக்குது."

"மெஷின் ஓடுதா?"

"அருமையா ஓடுது, லுட்சினா. நீ இருந்து பாக்கணும்."

"அப்பாடா!" என்பாள் அவள். "நீ எதையாவது நோண்டிருவியோன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன். நானே தப்பா நெனச்சுட்டேன்." வியாழக்கிழமை சேற்றுக் குளியல் முடிந்து வந்த சந்தோஷத்தில், "நீ நல்லவன்தான், ஹிரோனிம்" என்றுகூடச் சொல்லிவிட்டாள். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவளுக்கு நல்லது என்றால் சிவப்பு, இவருக்கு நல்லது என்றால் பச்சை. அந்த ஒரு சொல்லை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஷிமோன் வந்து கருவியைக் கழற்றினார். கணினியில் இணைத்து, அதில் வந்த வோல்டேஜ் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது... ரொம்ப நேரா இருக்கே."

"இல்ல?" என்றார் ஹிரோனிம்.

"போன வாரம் இங்க ஏதாவது விசேஷமா நடந்துச்சா?"

"ஒண்ணும் இல்லீங்க. எப்பவும் போலத்தான்."

ஷிமோன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். அவர் வேலை அளந்ததை எழுதுவது.

லுட்சினா ஜூன் நடுவில் திரும்பி வந்தாள். முழங்கால் தேவலை. ராஸ்பெர்ரி பழுக்க ஆரம்பித்திருந்தது. புதுக் கம்பி வந்துவிடும் என்ற தைரியத்தில் கேக் கடைகளுக்கு வாக்குக் கொடுத்தாள், கருகிப்போன இரண்டு ஃப்ரீசர்களுக்கும் புது மோட்டார் போட்டுச் சுத்தமாகத் துடைத்துவைத்தாள். அவள் துடைப்பதைப் பார்க்கும்போதுதான் ஹிரோனிமுக்கு முதல்முறையாகத் தான் செய்தது உறைத்தது. தானும் ஒரு துணியை எடுத்து அவள் பக்கத்தில் நின்று துடைத்தார். ஒருவேளை முதல் நாள் சிவப்பே போதுமானதாக இருந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஜூலை முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கடிதம் வந்துவிட்டது என்று கமிலா எல்லாரையும் மண்டபத்துக்கு வரச்சொன்னாள். ஷிமோனையும் விளக்கம் சொல்வதற்காகக் கம்பெனி அனுப்பியிருந்தது. லுட்சினா புது பிளவுஸ் போட்டுக்கொண்டு முதல் வரிசையில், ஹிரோனிம் அவளுக்குப் பக்கத்தில்.

கமிலா படித்தாள். "'அளவிடப்பட்ட வாரம் முழுவதும் மின்னழுத்தம் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தது. எல்லை தாண்டிய மொத்த நேரம் நாற்பது நிமிடங்கள். இது எமது விநியோகப் பாதையின் முன்மாதிரியான நிலையைக் காட்டுகிறது. ஆகவே கம்பியையோ டிரான்ஸ்பார்மரையோ மாற்ற வேண்டிய அவசியம் எழவில்லை. பாதையில் இன்னும் இடம் இருப்பது உறுதியானதால், காத்திருப்பில் உள்ள ஏழு சூரிய மின் விண்ணப்பங்களுக்கும் இத்துடன் அனுமதி அளிக்கப்படுகிறது.'"

பாதிரியாரும் மற்ற ஆறு பேரும் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே சுற்றிலும் பார்த்து, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"நாப்பது நிமிஷமா?" லுட்சினா எழுந்து நின்றாள். "என் வீட்ல காலைல பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் இன்வெர்ட்டர் செத்துக் கெடக்கும். நாப்பது நிமிஷமாம்! யார்கிட்ட கதை விடுறீங்க?"

"கருவியிலயே வேலையைக் காட்டிட்டானுங்க!" என்று கத்தினார் வலேரியன். "எண்ணைக் குறைச்சுக் காட்டுற மாதிரி திருகிக் கொண்டாந்து மாட்டியிருக்கான்!"

"போலீஸ்ல குடுப்போம்!"

"கோர்ட்டுக்குப் போவோம்! கமிலா, எழுதும்மா!"

ஷிமோன் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? "திருட்டுப் பயலே, எவ்வளவு வாங்குன?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. லுட்சினா மேஜைக்குப் போய்ப் பேனாவை வாங்கி, புகார்க் காகிதத்தில் முதல் கையெழுத்தைத் தானே போடக் குனிந்தாள்.

இந்த இடத்தில் ஹிரோனிம் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். ஒருவருக்கும் அவர்மேல் சந்தேகம் இல்லை. ஊர் மொத்தமும் அவர் பக்கம், கம்பெனிதான் திருடன். பெண்டாட்டி பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் கொஞ்ச நாள் ஒப்பேற்றுவாள், வழக்கு ஒரு வருஷம் இழுக்கும், தப்பித்திருப்பார். ஆனால் கம்பெனியின் கருவி பொய் சொல்கிறது என்று அத்தனை பேர் முன்னால் ஒருவன் சொல்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. அந்த இளைஞர் வெளுத்து நிற்பதையும் பார்க்க முடியவில்லை. இரண்டில் எது முந்தியது என்று கேட்டால், கருவிதான் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

"யாரும் திருகல!" எழுந்து நின்று கத்தினார். "அந்தக் கருவி அரை வோல்ட் தப்பா காட்டாது! அது சொன்னது சரி. 240-தான் இருந்துச்சு. நான் வெச்சிருந்தேன்!"

பின்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"நீ வெச்சிருந்தியா?" என்றார் வலேரியன்.

"அடுப்பு, கொதிகலன், ரெண்டு இஸ்திரிப் பெட்டி, மூணு கணப்பு. ஏழு நாள். நீங்கள்லாம் மேல தள்ளத் தள்ள நான் ஒத்த ஆளா கீழ புடிச்சுக்கிட்டு இருந்தேன். லேசுன்னு நெனச்சீங்களா?" சொல்லச் சொல்ல அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "பெரிய இடத்துல போய்ப் படிப்பாங்க. நம்ம ஊர் பேரு, என் வீட்டுப் பேரு. அசிங்கமா இருக்கலாமா?"

"மூட்டு வலி!" என்று வலேரியன் தலையில் அடித்துக்கொண்டார். "அட மூட்டு வலியே!"

எங்கோ ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பி, பரவாமல் அங்கேயே அடங்கிவிட்டது. ஏனென்றால் லுட்சினா இன்னும் பேனாவோடு மேஜையருகில் நின்றாள்.

"தினமும் கேட்டேனே, ஹிரோனிம்" என்றாள்.

ஹிரோனிம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷம் இந்தத் தெருவுல ஒவ்வொரு படியா ஏறினேன். இந்தக் காலை வெச்சுக்கிட்டு." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பேனாவை மூடி கமிலாவிடம் கொடுத்தாள். "வலேரியன், உங்க கொட்டகையில ரெண்டு ஃப்ரீசருக்கு இடம் இருக்குமா? பழத்தை இனிமே தள்ளிப்போட முடியாது."

"இருக்கும்மா, இருக்கும். இப்பவே டிராக்டரைக் கொண்டாரேன்."

ஏழு புதுக் கூரைகள், அதே பழைய கம்பி, இன்னும் இரண்டு வருஷம். யாரும் ஹிரோனிமைத் திட்டக்கூட இல்லை. பெஞ்சுகள் கிறீச்சிட, அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். ஷிமோன் மட்டும் வாசலில் நின்று, "நன்றிங்க" என்றார். எதற்கு நன்றி என்று அவருக்கே சரியாகத் தெரிந்திருக்காது.

எல்லாரும் போனபிறகு ஹிரோனிம் மெதுவாக மேஜைக்குப் போனார்.

"கமிலா... அந்தக் கடுதாசிக்கு ஒரு நகல் கெடைக்குமா?"

"எதுக்கு?"

"இல்ல, 'முன்மாதிரி'ன்னு போட்டிருக்கான்ல. அந்தப் பக்கம் மட்டும் போதும்."

கமிலா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு கடிதத்தையே எடுத்து நீட்டினாள். "இதையே கொண்டுபோங்க, பான் இன்ஜினியர். எங்களுக்கு இதை வெச்சு என்ன செய்ய?"

அவர் அதை மடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். லுட்சினா டிரான்ஸ்பார்மர் கம்பத்தடியில் டிராக்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்காமலேயே கடிதத்தைக் காட்டினார். அவள் வாங்கி, முதல் எழுத்திலிருந்து கையெழுத்து வரை நிதானமாகப் படித்தாள்.

"'எமது விநியோகப் பாதையின் முன்மாதிரியான நிலை'ன்னு போட்டிருக்கான்" என்றாள். "அவன் கம்பியைத்தான் அவன் பாராட்டிக்கிறான். இதுல உன் பேரு எங்க இருக்கு, ஹிரோனிம்?"

"இருக்கும். இருக்கணுமே."

கடிதத்தைத் திரும்ப வாங்கி, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேட ஆரம்பித்தார். டிராக்டர் வந்தது. லுட்சினா வலேரியனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.